மூச்சு வாங்கிய இடம்

எங்கள் குழுவின் முதல் இசைத்தட்டில் பாடியிருப்பவன் எங்கள் பாடகன் அல்ல. ஆறு வருஷம் எங்களோடு தொண்டை கிழியப் பாடியவன் தாம்பரம் சானடோரியத்தில் காசநோயோடு படுத்திருந்தான். நாங்கள் வேறொருவனை மைக் முன்னால் நிறுத்திப் பதிவு செய்தோம். பாட்டெல்லாம் நான் எழுதியவை, பேஸ் கிடார் வாசித்ததும் நான்தான். ஆகவே ‘அவர்கள் செய்தார்கள்’ என்று நழுவ எனக்கு வழியில்லை. ஆனால் ஆளை மாற்றியதைப் பற்றி அழுவதற்காக இதை எழுதவில்லை. அதை அவன் மன்னித்துவிட்டான். மன்னிக்க முடியாத ஒன்று அந்தத் தட்டுக்குள்ளேயே இருந்தது. அதை நாங்களே சொல்லிக்கொடுத்து, ஒத்திகை பார்த்து, நல்ல பிள்ளைகளாகப் பதிந்து வைத்தோம்.

நாங்கள் நாலு பேர். கிடார்காரன் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளன். டிரம்ஸ்காரன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. நான் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். பாடகன் பல்லாவரத்தில் ஒரு தோல் கிடங்கில் சரக்கு இறக்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் புராட்டஸ்டண்ட் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், ‘என்ன’வை ‘என்ன’ என்றே சொல்பவர்கள். அவன் கத்தோலிக்கன். சூளைமேட்டில் பிறந்து அப்பா அம்மா போனபிறகு அக்காவோடு மேற்குத் தாம்பரத்துக்கு வந்தவன். ‘இன்னா மச்சான்’ என்று அவன் வாயைத் திறந்தாலே என் அப்பாவுக்கு முகம் கோணும். ‘இவனோடெல்லாம் என்ன சகவாசம்?’ என்பார். பாடினால் அதே அப்பா பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். கேட்கவில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரவர் சைக்கிளில் அஸ்தினாபுரம் போய்விடுவோம். டிரம்ஸ்காரனின் மாமா அங்கே ஒரு வீடு கட்டத் தொடங்கி, சுவர் எழும்பியதோடு நிறுத்தியிருந்தார். கூரை இல்லை. சுற்றிலும் கருவேலமும் காலி மனைகளும்தான், சத்தம் போட்டால் ஆட்சேபிக்க ஆளில்லை. இரண்டு மனை தள்ளி ஒரு வீட்டிலிருந்து ஒயர் இழுத்து கரண்ட் வாங்கிக்கொண்டோம். மழை வந்தால் முதலில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், அப்புறம்தான் நாங்கள் நனைவதைப் பற்றி யோசிப்போம்.

அந்த ஆம்ப்ளிஃபயரை ஒரு ரேடியோ மெக்கானிக் பழைய வால்வுகளை வைத்துக் கட்டிக்கொடுத்தார். பாதிக்கு மேல் திருகினால் கரகரவென்று அலறும். மெக்கானிக் அதைப் பழுது என்றார், சரி செய்து தருகிறேன் என்றும் சொன்னார். கிடார்காரன் வேண்டாம் என்றுவிட்டான். அந்த அலறலைத்தான் நாங்கள் பாட்டு என்று நினைத்தோம். இப்போது அந்த மாதிரிச் சத்தத்தை மெட்டல் என்கிறார்களாம். என் அப்பா அன்றைக்கே ‘தகர ஷீட்டை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறான்கள்’ என்றார். கிட்டத்தட்ட சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கல்லூரி விழாக்களில் பையன்கள் எங்களை விரும்பினார்கள். கல்யாண ரிசப்ஷன்களில் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்குப் போனார்கள். தமிழில் இப்படியா பாடுவது என்று ஒரு பேராசிரியர் மேடையேறி வந்து சண்டை பிடித்தார். அவன் அவரைப் பார்த்துக் கும்பிட்டு, அடுத்த பாட்டை இன்னும் உரக்கப் பாடினான்.

எங்கள் பாட்டுகளில் பெயர் எடுத்தது ஒன்றே ஒன்று. ‘இருட்டில் கிடக்கும் இரும்பைத் தட்டு’ என்று அதில் ஒரு வரி வரும். பெரிய கவிதை ஒன்றும் இல்லை, எனக்கே தெரியும். அதை அவன் ஒரே இழுப்பில், அடிவயிற்றிலிருந்து ஏற்றிக்கொண்டே போவான். ஒரு விழாவில் அந்த வரியின் நடுவில் அவன் குரல் சட்டென்று அறுந்தது. ‘இரும்’ என்றதோடு நின்றுவிட்டது. மேடையில் ஒரு வெற்றிடம். டிரம்ஸ்காரன் பதறிப்போய் அந்த ஓட்டையை அடைக்க டப் டப் என்று இரண்டு அடி போட்டான். அதற்குள் இவன் ‘பைத் தட்டு’ என்று முடித்துவிட்டான். கீழே பையன்கள் வெறி பிடித்தமாதிரி கத்தினார்கள். அவன் டிரம்ஸ்காரன் பக்கம் திரும்பி, நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டினான். நாங்கள் அதை மேடைத் தோரணை என்று நினைத்தோம்.

‘சூப்பரா இருந்ததுடா, அப்படியே வெச்சுக்கலாம்’ என்று கிடார்காரன் சொன்னான். வைத்துக்கொண்டோம். அடுத்தடுத்த கச்சேரிகளில் மற்ற பாட்டுகளிலும் அவன் வார்த்தையை உடைக்க ஆரம்பித்தான். உடைந்த இடத்திலெல்லாம் டிரம்ஸ்காரன் இரண்டு அடி போட்டான். கொஞ்ச நாளில் அதுவே எங்கள் அடையாளம் ஆகிவிட்டது. கூட்டம் அந்த இடத்துக்காகக் காத்திருந்து, டிரம்ஸோடு சேர்ந்து இரண்டு கை தட்டும். நான் புதிதாக எழுதிய பாட்டில்கூட எந்த வார்த்தையை எங்கே உடைத்தால் நன்றாயிருக்கும் என்று யோசித்து எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் மெலிந்துகொண்டே போனான். தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். சட்டை தோளில் ஹாங்கரில் தொங்குவதுபோல் தொங்கியது. இருமலைக் கேட்டால் தோல் கிடங்குத் தூசி என்பான். சாயங்காலம் காய்ச்சல் என்றால் வெயில் என்பான். எங்களுக்கும் அந்தப் பதில்கள் போதுமாயிருந்தன. ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனவனை வாசல்வரை பார்த்துவிட்டு வந்த என் அம்மா, ‘ஏன்டா அந்தப் பையன் இப்படி உருகறான்? யாராவது கவனிக்கிறீங்களா?’ என்று கேட்டாள். ‘பாட்டுக்காரன்னா அப்படித்தாம்மா இருப்பான்’ என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொன்ன தொனிகூட இன்னும் எனக்குக் கேட்கிறது.

படப்பைப் பக்கம் ஒரு ரிசப்ஷனில் மூன்றாவது பாட்டின்போது அவன் வார்த்தையை உடைத்தான், டிரம்ஸ்காரன் இரண்டு அடி போட்டான், அப்புறம் வார்த்தை வரவே இல்லை. டிரம்ஸ்காரன் இன்னும் இரண்டு அடி போட்டான். அதற்கும் வரவில்லை. அவன் மைக்கைப் பிடித்தபடியே குனிந்து இருமினான். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் சிவப்பாயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அலறினாள். கூட்டத்தில் பாதி அதையும் எங்கள் வித்தை என்று நினைத்துக் கை தட்டியது. நாங்கள் வாசிப்பதை நிறுத்த எத்தனை நேரம் ஆயிற்று என்று என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. உடனே நிறுத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு பக்க நுரையீரலும் கெட்டிருந்தது. சானடோரியத்தில் சேர்த்தார்கள். ‘ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை’ என்று டாக்டர் அக்காவிடம் சொன்னாராம். அக்கா அதை எங்களிடம் திரும்பச் சொன்னாள், யாரையும் குறை சொல்கிற குரலில் அல்ல. அவளுக்கு அவனைத் தவிர யாரும் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் வேலை முடிந்ததும் முட்டையும் பாலும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போனேன். தாம்பரத்திலிருந்து ஒரே ஸ்டேஷன்தான். அங்கே ரயில் நின்றால் பெட்டியில் சிலர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நான் அதைச் செய்ததில்லை என்று சொல்ல ஆசைதான். இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்து போனால், வார்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ‘காத்து எந்தாண்டேருந்து அடிக்குதுன்னு பாத்து ஒக்காரு’ என்பான். பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வான். என்மேல் படக்கூடாது என்று அவன்தான் ஜாக்கிரதையாக இருந்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. ‘ரெக்கார்டு இன்னா ஆச்சு?’ இசைத்தட்டு போட வேண்டும் என்பது எங்களைவிட அவனுக்குத்தான் வெறி. தோல் கிடங்கில் வேலை பார்த்துச் செத்துப்போனான் என்று பெயர் வரக்கூடாது, பாடினான் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பான். ‘நீ வந்தப்புறம்தான்டா. ஒனக்காகத்தான் வெயிட் பண்றோம்’ என்று நான் சொல்வேன். அப்படிச் சொன்ன அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது. ஊசி வலியைப் பொறுத்துக்கொண்டதும், வாந்தி வந்தாலும் மாத்திரையை மறுபடி விழுங்கியதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று அக்கா சொன்னாள்.

ஜூலையில் கோடம்பாக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் அரை நாள் கிடைத்தது. ஏதோ படத்தின் பாட்டுப்பதிவு தள்ளிப்போய்விட்டது, கிடார்காரனின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே வேலை பார்த்தார். வேண்டுமென்றால் மூன்று வாரத்தில் வாருங்கள், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது என்றார். அஸ்தினாபுரத்தில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். அவன் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும், வந்தாலும் பாட முடியுமா என்று தெரியாது. ‘பி பிராக்டிகல்’ என்று கிடார்காரன் சொன்னான். டிரம்ஸ்காரன் அழுதான், அழுதுகொண்டே சரி என்றான். நான் அழவில்லை. எனக்கும் என் பாட்டு தட்டில் ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதைத் துக்கம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறைத்தேன்.

புதியவன் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். சர்ச் பாடகர் குழுவில் பாடுபவன். கட்டுமஸ்தான உடம்பு. ஒரு பைபிள் சங்கீதத்தை மூச்சு விடாமல் பாதிவரை பாடுவான். நாங்கள் யாரும் நோட்ஸ் எழுதத் தெரியாதவர்கள். பாட்டைப் பிடிக்க எங்களிடம் இருந்த ஒரே வழி, ஒத்திகையின்போது இரவல் ஸ்பூல் ரெக்கார்டரில் பதிந்து வைத்த டேப்தான். அதைப் புதியவனிடம் கொடுத்தோம். ‘அப்படியே பாடணும். ஒரு புள்ளி மாறக்கூடாது’ என்று கிடார்காரன் கண்டிப்பாகச் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து வந்து அப்படியே பாடினான், ஒரு விஷயத்தைத் தவிர. வரியை உடைக்காமல் பாடினான். டிரம்ஸ்காரனின் இரண்டு அடி அவன் குரல்மேல் போய் விழுந்தது.

‘அண்ணா, இங்க ஏன் நிறுத்தணும்? எனக்கு மூச்சு இருக்கே’ என்று கேட்டான்.

‘அதுதான் தம்பி ஸ்டைல். கூட்டமே அதுக்குத்தான் வருது’ என்று நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

உடைத்துப் பார்த்தான். செயற்கையாக இருந்தது. வாத்தியார் டிக்டேஷன் கொடுக்கும்போது நிறுத்துகிற மாதிரி நிறுத்தினான். டேப்பில் இருந்த அந்த அறுபடல், அந்த இழுப்பு, விளிம்பில் தொங்கிவிட்டு மறுபடி ஏறுகிற அந்தக் குரல் வரவில்லை. இரண்டு ஞாயிறு இப்படிப் போயிற்று. கடைசியில் கிடார்காரனுக்கு ஒரு யோசனை வந்தது. பாடுவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஓடு என்றான். புதியவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கூரையில்லாத வீட்டை ஆறு தடவை சுற்றி ஓடினான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மைக் முன்னால் வந்து நின்று பாடினான். ‘இரும்’ என்றான், மூச்சு அறுந்தது, டப் டப், ‘பைத் தட்டு’. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். நான் போய் அவனைக் கட்டிக்கொண்டேன். அவனுடைய நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டுடியோவில் அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக நின்று, ஒரே மூச்சில் முழுப்பாட்டையும் வாசிக்க வேண்டும். யார் தப்பு செய்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதியவன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிவிட்டு வந்தான். சவுண்ட் இன்ஜினியர் வயதானவர், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரில் கேட்டார். ‘ஏன் சார் வார்த்தை நடுவுல ஒடையுது? இவருக்கு ஒடம்பு சரியில்லையா?’

‘இல்ல சார், அது எங்க ஸ்டைல்’ என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

‘ஏதோ செய்யுங்க’ என்று அடுத்த பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டார்.

தட்டு நவம்பரில் வந்தது. சின்னத் தட்டு, நாலே பாட்டு, பக்கத்துக்கு இரண்டு. நாங்கள் ஆல்பம் என்றே சொல்லிக்கொண்டோம். உறையில் பல்லாவரம் மலையில் கல் உடைத்த இடத்தில் எடுத்த படம், நடுவில் புதியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அதற்கு முன்னால் நாலு மாதம் நான் ஞாயிறுதோறும் சானடோரியம் போய் ‘வெயிட் பண்றோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிப் பழகிவிட்டால் பொய்க்கும் ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது.

தட்டு வந்த அடுத்த ஞாயிறு நான் போய் உட்கார்ந்ததும் அவனே ஆரம்பித்தான். ‘ரெக்கார்டு வந்துடுச்சாமே. பக்கத்து பெட்டுக்காரன் தம்பி கடைல பாத்தானாம்.’

நான் முகத்தைத் திருப்பி மரங்களைப் பார்த்தேன்.

‘அட, மூஞ்சிய ஏன் அப்டி வெச்சுகினு கீற? நான் இன்னா கொயந்தயா? என்னால பாட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒன் பாட்டு வந்துச்சுல்ல, அது போதும். அடுத்த வாரம் எடுத்துகினு வா. கேக்கணும்.’ சிரித்தான். கன்ன எலும்புகள் மட்டும் சிரித்தன. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உடனே இழுத்துக்கொண்டு, ‘தொடாதடா’ என்றான். அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாவம் கழிந்தது என்று நினைத்தேன்.

ஆபீஸில் ஒருவரிடம் பாட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயர் இருந்தது, சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். அதை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பெஞ்சில் வைத்துத் திறந்தேன். சாயங்கால வெயில். தூரத்தில் நோயாளிகள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அவன் உறையைக் கையில் வாங்கி, புதியவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். ‘நல்லாத்தான் கீறான்’ என்றான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். நான் ஊசியை வைத்தேன்.

கிடார் அலறியது. அவன் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. பாட்டு தொடங்கியதும் ‘கொரலு நல்லா கீதுடா’ என்று முணுமுணுத்தான். ‘இருட்டில் கிடக்கும் இரும்’ என்று வந்தது. டப் டப். அவன் கண் திறந்தது. விரல்கள் நின்றுவிட்டன. அடுத்த தடவை அந்த வரி வந்தபோது பிளேயர் பக்கம் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டான். மூன்றாவது தடவை வருவதற்குள் என் முழங்கையைப் பிடித்தான். தொடாதே என்று சொன்னவன் பிடித்தான்.

‘மச்சான், இவனுக்கும் கீதுடா. கேளு, கேளு. அந்த எடத்துல மூச்சு அறுந்துபோவுது பாரு. எனக்கு அப்டித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே கூட்டிகினு போய் எக்ஸ்ரே எடு. தூசி, அது இதுன்னு சொல்லுவான், நம்பாத. கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு? கொயந்த கீதா?’

அந்தத் தட்டு ஊரெல்லாம் ஓடியது. அதைக் கேட்ட அத்தனை பேரில் அதை நோய் என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.

‘அவனுக்கு ஒண்ணும் இல்லடா. நல்லா இருக்கான். ஒன்ன மாதிரியே பாடச் சொன்னோம். அவ்வளவுதான்’ என்றேன். ஓடவிட்டுப் பாடவைத்ததைச் சொல்லவில்லை.

‘என்ன மாதிரியேவா?’ அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். ‘நான் மூச்சு வாங்கறதயுமாடா சொல்லிக் குடுத்தீங்க?’

பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

‘அந்த ரெண்டு அடிய மட்டும் நான் மறக்கவே மாட்டேன்டா’ என்றான். குரல் கனிந்துவிட்டது. ‘மொத தடவ மேடைல மூச்சு நின்னப்போ மானம் போச்சுன்னு நெனச்சேன். டக்குனு ரெண்டு அடி போட்டுக் காப்பாத்துனான். அப்புறம் ஒவ்வொரு தடவயும் போட்டான். எவனும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எனக்கு வெக்கமா இருக்கும்னு கேக்காமலே மூணு பேரும் சேந்து மறச்சு வுட்டீங்க. இங்க வந்து படுத்துகினு அதத்தான் நெனச்சுப்பேன். கூடப் பொறந்தவன்கூட அப்டி செய்ய மாட்டான். ஒங்களுக்குத் தெரியும், இல்ல?’

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வார்டில் சேர்ந்ததிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. இல்லை, தெரியாது, நாங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தோம், டிரம்ஸ்காரன் ஓட்டை அடைக்க அடித்தான் என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? ஆறு வருஷம் பக்கத்தில் நின்றும் நாங்கள் அவனைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம் ஆகிவிடாதா? இதைத்தான் யோசித்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

‘தெரியும்டா’ என்றேன்.

‘எப்பலேர்ந்து?’

‘மொதல்லேர்ந்தே.’

தலையை ஆட்டினான். துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். சந்தோஷம் முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. நான் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘மொதல்லேர்ந்தே தெரியும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ‘அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. கேட்டவொடனே எக்ஸ்ரே எடுன்னு சொன்னேன் பாரு. எனக்கு ஏன்டா ஒருத்தனும் சொல்லல?’

நான் வாயைத் திறந்தேன். உண்மை நுனிநாக்கில் இருந்தது. ஆனால் இந்த நேரத்தில் ‘தெரியாது’ என்றால் அது தப்பிக்கச் சொல்லும் பொய்யாகத்தானே கேட்கும்? முதலில் சொல்லியிருந்தால் முட்டாள்கள் என்று திட்டி, இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி விட்டிருப்பான். அவனுக்கு அந்த மனசு உண்டு.

‘கச்சேரி நின்னுடும்னா?’ என்று கேட்டான். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டான்.

நான் சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்தேன். அவன் பிளேயரின் ஊசியைத் தானே எடுத்து வைத்தான். தட்டை உறைக்குள் போட்டு என் மடியில் வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வார்டுக்குள் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. மழை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே மழைதான், ஆனால் மழையில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு கிளம்பி, சானடோரியம் ஸ்டேஷனில் இறங்காமல் குரோம்பேட்டைவரை போய்த் திரும்பி வந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று முடிவு செய்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். டிரம்ஸ்காரனையும் கூட்டிக்கொண்டு போய் அவன் வாயாலேயே சொல்ல வைக்கலாம் என்றுகூடத் திட்டம் போட்டேன். வியாழக்கிழமை ஆபீஸுக்கு போன் வந்தது.

அடக்கத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம், புதியவனையும் சேர்த்து. புதியவன் இறந்தவனை உயிரோடு பார்த்ததே இல்லை. பெட்டியின் ஒரு முனையை அவன்தான் தூக்கினான், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு தூக்கினான். எனக்கு அந்த மூச்சின் சத்தம் தாங்கவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு குழு இல்லை. யாரும் கலைப்போம் என்று சொல்லவில்லை, அடுத்த ஞாயிறு யாரும் அஸ்தினாபுரம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பூசைக்கு நான் மட்டும் போயிருந்தேன். முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, மாதா கோவில் வாசலில் அக்கா எனக்காக நின்றிருந்தாள். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன மாதிரியே எனக்கும் நன்றி சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ‘தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க’ என்றாள்.

‘கேளுங்கக்கா.’

‘அவனுக்கு ஒடம்புல இப்படி இருக்குதுன்னு ஒங்களுக்கெல்லாம் மொதல்லயே தெரியுமா? எனக்குத் தெரியல தம்பி. கூடவே இருந்தும் எனக்குத் தெரியல. ஒங்களுக்காவது தெரியுமா?’

‘இல்லக்கா’ என்றேன். ‘சத்தியமா தெரியாது. எங்க மூணு பேர்ல ஒருத்தனுக்கும் தெரியாது.’

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘தெரியும்னு நீங்களே அவன்கிட்ட சொன்னீங்களாமே’ என்றாள்.